புள்ளி வைக்கும் இடம்

1

இந்தக் கதை ஒரு பெட்டிச் செய்தியாகப் பிறந்திருக்க வேண்டியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம், நாலு பக்கமும் கோடு, நடுவில் சிரித்த முகம்.

"நம்ம ப்ரூஃப் ரீடர் அண்ணன், பக்கவாதம் வந்தும் சிரிச்சுக்கிட்டே இருக்காராமேய்யா! போய்ப் பார்த்துட்டு வந்து சின்னதா எழுதிக் கொடு. படிக்கிறவங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றார் ஆசிரியர். தலைப்பைக்கூட அவரே வைத்துவிட்டார்: 'சிரிப்பால் நோயை விரட்டுகிறார்!' ஆச்சரியக்குறி அவருடையது.

என் தொழில் வேறு. வாரப் பத்திரிகையில் மர்மத் தொடர்கதை. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் யாராவது ஒரு கதவைத் திறக்க வேண்டும், அல்லது மாடியிலிருந்து விழ வேண்டும். என்னை ஏன் இதற்கு அனுப்பினார் என்றால், அந்த வாரம் என் கதாநாயகனை லிஃப்டுக்குள் பூட்டிவிட்டு, வெளியே எடுக்கத் தெரியாமல் நான் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். "சும்மாதானே உக்காந்திருக்கே" என்றார்.

போனேன். வந்தேன். பெட்டிக்குள் அடங்கவில்லை. கதையாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். என் தொடக்கங்கள் இவை:

(அ) அந்தச் சிரிப்பு அறைக்குள்ளிருந்து கேட்டதும், வாசலில் நின்றவனின் முதுகுத்தண்டு சில்லிட்டது. ஏனென்றால் அது –

[பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.]

(ஆ) பக்கவாதம் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுவதால் –

[இது மருத்துவப் பக்கம். அதற்கு வேறு ஆள் இருக்கிறார். கோபித்துக்கொள்வார்.]

(இ) ஒரு மனிதரின் சொற்கள் எல்லாம் ஒரே காலையில் காணாமல் போயின. இரண்டு மட்டும் மிஞ்சின.

இது தேவலை. வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொற்களும் உங்களுக்குப் புரிய வேண்டுமானால், எல்லாச் சொற்களும் முழுசாக இருந்த காலத்தில் நீங்கள் அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

2

ப்ரூஃப் ரீடர் என்றால், அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவர். எங்கள் அலுவலகத்தில் கடைசி மேசை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். "வெளிச்சம் காகிதத்துக்குத்தான் வேணும், எனக்கெதுக்கு?" என்பார். எனக்கு அவர் அண்ணன். அவருக்கு நான் கொலைகாரன். "கொலைகாரன் வந்தாச்சு, பிணத்தை மேசையில வைக்கச் சொல்லு" என்றுதான் என் அத்தியாயத்தை வாங்குவார்.

ஒற்று என்றால் என் தொழிலில் உளவு. அவர் தொழிலில், இரண்டு சொற்களுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும் எழுத்து. தலையில் புள்ளி வைத்துக்கொண்டு வரும் க், ச், த், ப். நான் ஒற்றர்களை எழுதுவேன். அவர் ஒற்றுகளைத் திருத்துவார். அவருக்குத்தான் வேலை அதிகம்.

ஒருமுறை கூப்பிட்டார். "இங்க வாய்யா. உன் ஆளு கத்தி கொண்டு வந்தானா, கத்திக்கொண்டு வந்தானா?"

"ஏண்ணே, ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணா? ஒற்று போட்டா வாய், போடலைன்னா ஆயுதம். நீ போட்டிருக்கே. அவன் வாசல்ல நின்னு கத்தறான்யா, அதுக்குப் போய் இவ செத்துப்போறா!"

ஒரு ஒற்று வர வேண்டிய இடமென்றால் 'மிகும்', வரக் கூடாத இடமென்றால் 'மிகாது'. இலக்கணப் புத்தகத்து வார்த்தைகள். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து யாராவது "அண்ணே, இங்க மிகுமா?" என்று கத்துவார்கள். தலையை நிமிர்த்தாமல் "மிகாது" என்பார். போகப்போக அது அலுவலகத்துப் பரிபாஷை ஆகிவிட்டது. "டீ சொல்லவாண்ணே?" "மிகும்." "ஆசிரியர் சம்பளத்தை ஏத்துவாரா?" "மிகாது."

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். பிழை பார்ப்பவர் ஒரு வரியை அடித்துவிட்டு, பிறகு மனசு மாறினால், அடித்ததை அழிக்க மாட்டார். அடித்த வரிக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார். ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார். அடித்தது அடித்ததாகவே தெரியும். ஆனாலும் அச்சில் வரும்.

'அவள் அழவில்லை. குடையை மடக்கினாள்.' புருஷன் செத்த செய்தி கேட்ட பெண்ணைப் பற்றி நான் எழுதிய வரி. அடித்துவிட்டார். "மழையே பெய்யலையே, குடை எங்கேர்ந்து முளைச்சுது?" என்றார். மறுநாள் பார்த்தால் அதன் கீழே புள்ளிகள். "வீட்டுக்குப் போற வழியில யோசிச்சேன். வெயிலுக்கும் குடை பிடிப்பாங்க. இருக்கட்டும். நீ எழுதினதுல அது ஒண்ணுதான் உருப்படி."

மேலே வைத்தால் ஒற்று. கீழே வைத்தால் 'இருக்கட்டும்'. கடைசியில் வைத்தால் முற்றும். புள்ளி ஒன்றுதான், வைக்கும் இடம்தான் வேறு என்பார்.

3

அடி விழுந்தது அலுவலகத்தில், வெயில் ஏறாத காலை நேரத்தில். நான் அங்கே இல்லை. இருந்தவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். "மிகும்" என்றிருக்கிறார். சரி என்று போய்விட்டார்கள். அவர் மறுபடி "மிகும்" என்றிருக்கிறார், கொஞ்சம் சத்தமாக. சிரித்திருக்கிறார்கள். "மிகும், மிகும்!" கூடமே சிரித்திருக்கிறது. "அண்ணனுக்கு இன்னிக்கு டீ மேல டீ மிகுதுப்பா!" என்று ஒருவர் கேலி பேச, இன்னொருவர் நிஜமாகவே டீ கொண்டுவந்து வைத்துவிட்டார்.

உலகத்தில் வேறு எந்த அலுவலகத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. உதவி கேட்கிற ஒரே வார்த்தை நகைச்சுவையாகக் காதில் விழுவது எங்களுக்குத்தான் வாய்க்கும்.

எழுத்து கோக்கும் பெண்தான் பார்த்தாள். டீயை எடுக்க அவர் கை நீளவில்லை. வலது கையிலிருந்து பென்சில் நழுவி விழுந்து உருண்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அண்ணன் பென்சிலை விட்டுட்டாரு!" என்று அவள் அலறிய பிறகுதான் ஓடினார்கள்.

உயிர் தப்பியது. வலது கை போனது, வலது கால் பாதி போனது. பேச்சில் இரண்டு வார்த்தைகள் மட்டும் நின்றன. எவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4

கதவைத் தட்டினேன்.

"திறந்துதான் கிடக்கு, வாங்க தம்பி!" என்றது தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல். அண்ணி. முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் அளவெடுக்கும் டேப் மாலையாகத் தொங்கும். அது இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. அண்ணனின் கட்டில் இப்போது அந்த அறைக்கே வந்திருந்தது. துணிக் கட்டுகள் ஒருபுறம், மருந்துகள் ஒருபுறம், நடுவில் அவர்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். பெரிய சிரிப்பு. வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு, தோள் குலுங்க, நிற்காத சிரிப்பு.

"பார்த்தீங்களா, எவ்வளவு தைரியம்!" என்றார் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த ஒருவர். அண்ணியின் தம்பி. அண்ணன் மொழியில் மச்சான். "எனக்கெல்லாம் இப்படி வந்திருந்தா இடிஞ்சு போயிருப்பேன். மாமா மாதிரி மன உறுதி யாருக்கு வரும்? எப்பவும் சிரிச்ச முகம்!"

"மிகும்" என்றார் அண்ணன், சிரிப்புக்கு நடுவே.

நான் மனசுக்குள் பெட்டிச் செய்தியை எழுதிவிட்டேன். அப்போது அண்ணி மெஷினை நிறுத்தினார்.

"டேய், கடைக்குப் போய் வெள்ளை நூல் வாங்கிட்டு வா."

"வெள்ளை நூல் அதோ அவ்வளவு இருக்கேக்கா?"

"அது வேற வெள்ளை. போ."

மச்சான் போனதும் அண்ணி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, நீங்க துப்பறியுறதெல்லாம் எழுதறவரு. ஒண்ணு கேக்கறேன். அந்தச் சிரிப்பு அவர் சிரிப்பா?"

யோசித்தேன். அண்ணனின் சிரிப்பு எனக்குத் தெரியும். மூக்கால் ஒரு காற்று விடுவார், அவ்வளவுதான். பல் தெரியாது.

"எதைச் சொன்னாலும் சிரிக்கிறாரு. எங்க சித்தப்பா செத்துட்டாருன்னு சொன்னேன், குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. கண்ணு மட்டும் என்னைப் பார்த்து, வேணாம் வேணாம்னுச்சு. சாப்பிடக் கூப்பிட்டா முகத்தைத் திருப்பிக்கிறாரு. இந்தச் சட்டையை நான்தான் தைச்சேன், போன மாசம் அளவெடுத்தது. பாருங்க." அண்ணனின் கழுத்துப்பட்டிக்குள் நாலு விரலை விட்டுக் காட்டினார். விரல்கள் தாராளமாகப் போய் வந்தன. "எங்க வீட்டுக்கு வர்றவங்கள்லாம் கைதட்டிட்டுப் போறாங்க. இவரு உள்ளுக்குள்ள கரைஞ்சுக்கிட்டு இருக்காரு."

பிறகு கட்டிலுக்கு எதிரே சுவரைக் காட்டினார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில்:

நோயாளியை தனியாக விடாதீர்கள்

"அதுல தப்பு இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி. ஒரு 'த்' விட்டுப்போச்சு. நோயாளியைத் தனியாக."

"நான் பள்ளிக்கூடத்தோட நிறுத்தினவ, எனக்கே உறுத்துது. இவரு கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட மொய்க்கு முன்னாடி பிழையைத்தான் எழுதுவாரு. ரெண்டு வாரமா அதுக்கு நேரெதிர்ல படுத்திருக்காரு. இடது கைகிட்ட பென்சில் வெச்சிருக்கேன். தொடலை." குரலைத் தாழ்த்தினார். "முடியலையா தம்பி? இல்ல, வேணாம்னு விட்டுட்டாரா?"

என் வாழ்நாளில் எத்தனையோ துப்பறியும் கேள்விகள் எழுதியிருக்கிறேன். யார், எப்போது, எந்தக் கதவு வழியாக. இதைப்போல ஒன்றை எழுதியதில்லை. படிக்கும் சக்தி போய்விட்டதா, படிப்பதில் ஆசை போய்விட்டதா? இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கத்தி கொண்டு, கத்திக்கொண்டு.

5

இங்கே ஒரு சந்தேகம். எனக்கு அண்ணியின் மேல்தான் சந்தேகம்.

கதாபாத்திரமாகச் சொல்கிறேன். ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். வாசகர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு குறை வைக்கலாமா? 'அண்ணி களைத்துப்போய், ஒருநாள் தட்டை வீசி –'

[வீசியிருக்கிறார். கேட்டேன், ஒப்புக்கொண்டார். "ஒருநாளா? மூணு தட்டு நெளிஞ்சிருக்கு. நெளிஞ்சதுலதான் உங்களுக்குப் பிஸ்கட் வெச்சேன்." ஆகவே குறை வைக்க வேண்டியதில்லை, இருக்கிறது.]

கதை நகரட்டும். என் துப்பறிவாளன் செய்வதைத்தான் அண்ணியும் செய்தார்: ஒவ்வொரு சாத்தியமாகக் கழித்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போனோம். அவர் வெவ்வேறு சொற்கள் எழுதிய அட்டைகளைப் பரப்பி, படங்களோடு சேர்க்கச் சொன்னார். அண்ணன் வேண்டாவெறுப்பாக இடது கையால் தள்ளித் தள்ளி, பெரும்பாலும் சரியாகவே சேர்த்துவிட்டார். "பேச்சு வெளியே வரத்தான் தடை. படிச்சாப் புரியுது" என்றார் அந்தப் பெண். சிறு வாக்கியங்களும் புரிந்தன.

அப்படியானால் முடிகிறது. முடிந்தும் அந்தத் துண்டுத்தாளை விட்டுவைத்திருக்கிறார்.

"இதுக்குப் பார்க்க வேண்டிய டாக்டர் வேற. மனசு பார்க்கிற டாக்டர்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண். மச்சானுக்குக் கோபம். "மாமாவைப் பைத்தியக்கார டாக்டர்கிட்டக் காட்டறதா? வயசாகுது, மறதி நோயா இருக்கும், விடு."

"டாக்டர் பைத்தியமா இருந்தா எனக்கென்னடா, வைத்தியம் தெரிஞ்சாப் போதும்" என்றார் அண்ணி.

அந்த டாக்டருக்காகக் காத்திருந்த இடத்தில் ஒரு தம்பதி. கணவர் வாத்தியாராக இருந்தவர். சட்டைப்பையில் இன்னமும் பேனா. அவருக்குத்தான் மறதி நோய். பக்கத்தில் இருக்கும் அம்மாளைப் பார்த்து, "நீங்க யாரு? என் வீட்டுக்காரி மாதிரியே வேஷம் போட்டுட்டு வந்திருக்கீங்க. அவளை என்ன பண்ணீங்க?" என்று அதட்டினார்.

ஆள்மாறாட்டம்! என் காதுகள் நிமிர்ந்தன. இதை வைத்தே எத்தனை தொடர்கள் எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மாள் பதறவில்லை. "அவங்க கடைக்குப் போயிருக்காங்க சார். வர்ற வரைக்கும் உங்களைப் பார்த்துக்கச் சொன்னாங்க" என்றார்.

வாத்தியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? சாப்பிட்டீங்களா நீங்க?"

"இல்ல சார்."

"அவ வந்ததும் சாப்பிட்டுட்டுப் போங்க. நல்லா உபசரிப்பா."

"தெரியும் சார்" என்றார் அந்த அம்மாள்.

என் கதைகளில் வேஷம் போடுபவர்கள் எல்லாரும் கெட்டவர்கள். எழுந்து நின்று அந்த அம்மாளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அதற்குள் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

6

டாக்டர் அம்மாள் தன் மேசையை விட்டு எழுந்து, நாற்காலியை அண்ணனின் முழங்காலருகே போட்டு உட்கார்ந்தார். இதுவரை எல்லா டாக்டர்களும் அண்ணியிடம்தான் பேசினார்கள். இவர் அண்ணனிடம் பேசினார்.

"ஐயா, உங்ககிட்ட ரெண்டு வார்த்தை இருக்குன்னு சொன்னாங்க. எனக்கு அது போதும். முதல்ல, இந்தத் தம்பி இங்க இருக்கலாமா, வெளியே போகணுமா? இருக்கலாமா?"

என்னைப் பார்த்தார். "மிகும்."

"சரி. வார்த்தை சரியா ஓடுதான்னு பார்த்துக்கறேன். நீங்க சமையல்காரரா?"

"மிகாது."

"அச்சுப்பிழை பார்க்கிறவரா?"

"மிகும்."

"இவங்க உங்க தங்கச்சியா?"

"மிகாது!" என்றார் கொஞ்சம் வேகமாக. சிரிப்பு பிடித்துக்கொண்டது. தோள் குலுங்கியது. டாக்டர் அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"இப்ப வந்துச்சே சிரிப்பு. உள்ளேயும் சிரிப்புதானா?"

"மிகாது" என்றார். வாய் மறுபடி கோணியது; சிரிப்பு மீதியும் வந்தது.

"அதுபாட்டுக்கு வருதா?"

"மிகும்."

"எதுலயும் மனசு ஒட்டலையா?"

"மிகும்."

டாக்டர் அவருடைய செயலற்ற வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். குரல் மாறவில்லை, சமையல்காரரா என்று கேட்ட அதே குரல். "செத்துப்போயிடலாம்னு தோணுதா, ஐயா?"

"டாக்டர்!" என்றார் அண்ணி.

"மிகும்" என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டே.

நான் பயமுறுத்திச் சம்பாதிப்பவன். பிணவறை எழுதியிருக்கிறேன், கல்லறை எழுதியிருக்கிறேன். சிரித்த முகத்திலிருந்து வந்த அந்த ஒரு வார்த்தையைப்போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

டாக்டர் ஒரு பதிலை நம்பவில்லை. என் துப்பறிவாளனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான். "திருப்பிக் கேக்கறேன். இருக்கணும்னு தோணுதா?"

அண்ணியைப் பார்த்தார். பிறகு, "மிகாது."

அண்ணி அழவில்லை. கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். இறுக்கமாக, ஓரம் பிசகாமல், கடைசி வரை சுருட்டினார். பிறகு, "கேக்கலாமா இதையெல்லாம்? கேட்டா எண்ணம் வந்துடாதா?" என்றார்.

"இருந்ததைத்தாம்மா கேட்டேன். கேக்கறதால வராது. இத்தனை நாள் இந்தப் பாரத்தை இவர் ஒருத்தரே வெச்சிருந்தாரு. இனிமே நாம நாலு பேர் தூக்கறோம்."

சொன்ன பிறகுதான் டாக்டருக்கே உறைத்தது. நாலு பேர் தூக்குவது என்றால் நம் பேச்சில் வேறு பொருள். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அண்ணிதான் காப்பாற்றினார். "உயிரோட இருக்கும்போதே தூக்கறதுக்கு நாலு பேர் கிடைச்சா நல்லதுதானே டாக்டர். எல்லாருக்கும் அப்புறம்தான் கிடைக்கறாங்க."

அண்ணன் மூக்கால் ஒரு காற்று விட்டார். பல் தெரியவில்லை.

அண்ணி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "அது! தம்பி, கேட்டீங்களா? அதுதான் அவரு!"

7

(ஐந்திலிருந்து நேரே இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு: டாக்டர் பார்த்தார், கேட்டார், கண்டுபிடித்தார். பெயர், மனச்சோர்வு. கூடவே, உணர்ச்சிக்குச் சம்பந்தமில்லாமல் தானாக வரும் சிரிப்பு.)

"மூளையில அடிபட்டா மனசும் அடிபடும். பக்கவாதம் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு இந்தச் சோர்வு வருது. கோழைத்தனம் இல்ல, மன உறுதிக் குறைச்சலும் இல்ல. மருந்து இருக்கு. உடனே தெரியாது, வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் விடாம பக்கத்துல இருங்க" என்றார் டாக்டர். வீட்டில் எதையெல்லாம் எட்டாமல் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

தையல் கடையில் கத்தரி என்பது கை மாதிரி. அண்ணி வீடு வந்ததும் முதல் வேலையாக எல்லாக் கத்தரிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை டேப்பில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். துணி வெட்டப் பக்கத்து வீட்டுக்குப் போனார். வெட்டி எடுத்துவந்து இங்கே தைத்தார். "என்னக்கா, கடையை ரெண்டாப் பிரிச்சுட்டீங்களா?" என்று கேட்டவர்களிடம், "ஆமா, கிளை திறந்திருக்கேன்" என்றார்.

வருகிறவர்களுக்கு ஒரு சட்டம் போட்டார். 'தைரியசாலி', 'மன உறுதி', 'சிரித்த முகம்' ஆகிய வார்த்தைகளைச் சொன்னால் டீ கிடையாது. மச்சான் பல நாள் டீ இல்லாமல் போனார். பிறகு ஒருநாள் வந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "மிகும்" என்றார் அண்ணன். மச்சான் அழுதுவிட்டார். அண்ணி இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

மருந்து மாயம் செய்யவில்லை. முதல் வாரங்களில் ஒன்றுமில்லை. பிறகு சிரிப்பு குறைந்தது. அது குறைந்ததும் முகம் அதன் நிஜத்துக்கு வந்தது. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும், அவரைப் பார்க்க முடிந்தது. தூக்கம் கூடியது. சாப்பாட்டில் பாதி உள்ளே போனது. நடுவே ஒரு வாரம் எல்லாம் பின்னால் போனது. மருந்தின் அளவை மாற்றினார்கள். இதையெல்லாம் ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். அண்ணி அதை ஒவ்வொரு வேளையாக வாழ்ந்தார். அண்ணனும்தான். படுத்திருப்பவர் எதுவும் செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது, வாயைத் திறந்து ஒரு கவளத்தை வாங்குவது என்ன வேலை என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரியும். நான் வியக்க வந்தது சிரிப்பை. வியந்துகொண்டிருப்பது அந்தக் கவளத்தை.

ஒரு நாள் மத்தியானம் போனபோது அண்ணி வாசலிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சுவரைக் காட்டினார்.

துண்டுத்தாளில், 'நோயாளியை'க்கும் 'தனியாக'வுக்கும் நடுவே, கீழிருந்து மேலே குத்திய ஒரு கோணல் அம்புக்குறி. அதன் மேல் ஒரு 'த'. இடது கை எழுத்து. குழந்தை எழுதியதுபோல நடுங்கியிருந்தது. அதன் தலையில் ஒரு புள்ளி, தாள் ஓட்டையாகிற அளவுக்கு அழுத்தி.

"நான் பாவாடைக்கு ஓரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. கட்டில் கிறீச்சுங்குது. திரும்பிப் பார்த்தா, எழுந்து நிக்கிறாரு, சுவத்துல தோளைச் சாச்சுக்கிட்டு. விழுந்துடுவாரேன்னு ஓடறேன், கையைக் காட்டி 'மிகாது'ங்கறாரு. என்னை அடக்கிட்டு எழுதறாரு!" அண்ணி டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நோயாளியைத் தனியாக விடாதீர்கள். இப்பதான் அது சரியா இருக்கு."

கத்தரி இன்னமும் பீரோவில்தான் இருக்கிறது. டாக்டர் சொல்லும்வரை இருக்கும்.

8

முடிவு.

முடிவு ஒன்று: அண்ணன் ஒரு நாள் முழு வாக்கியம் பேசுகிறார். அலுவலகம் கைதட்டுகிறது. ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் பேச்சு வரவில்லை. பயிற்சி நடக்கிறது. மூன்றாவதாக ஒரு வார்த்தை வரப்போவதுபோல உதடு குவிகிறது, பிறகு 'மிகும்' என்றுதான் வருகிறது. பொய் எழுதினால் அவரே அடித்துவிடுவார்.

முடிவு இரண்டு: பீரோவின் சாவி ஒரு நாள் –

[என்னால் எழுத முடியும். நன்றாகவே எழுதுவேன். பத்திரிகை விற்கும். ஆனால் இதை அண்ணி படிப்பார்.]

முடிவு மூன்றை நான் எழுதப்போவதில்லை.

கதையை எழுதி முடித்து, அண்ணியிடம் சொன்னேன். "எல்லாத்தையும் எழுதியிருக்கீங்களா? டாக்டர் கேட்டதையுமா?" என்றார்.

"எழுதியிருக்கேன் அண்ணி. ஆனா எனக்கே மனசு கேக்கலை. அண்ணன் அந்த வார்த்தை சொன்னதை ஊரெல்லாம் படிக்கணுமா?"

"என்னைக் கேட்டா? சொன்னது அவரு. அவரைக் கேளுங்க."

அதனால் இப்படிச் செய்கிறேன். ஆறாம் பகுதி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவினாலும் கதை நிற்கும்படி, ஏழின் தொடக்கத்தில் ஒரு அடைப்புக்குறியும் போட்டுவிட்டேன். இந்தக் காகிதங்களை நாளைக் காலையில் அண்ணனின் இடது கைப் பக்கம் கொண்டுபோய் வைப்பேன். பென்சிலைச் சீவி வைப்பேன். "அடிச்சது சரிதானேண்ணே?" என்று வாயால் கேட்க மாட்டேன். கேட்டால், எனக்காக 'மிகும்' என்று சொன்னாலும் சொல்லிவிடுவார். தாளைப் பார்க்கும்போது மட்டும் அவர் யாருக்காகவும் இரக்கப்படுவதில்லை.

வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவர் பார்த்து முடித்ததும் அண்ணி நேரே அச்சுக்குக் கொடுத்துவிடுவார். என் கைக்கு வராது. ஆசிரியரிடமும் சொல்லிவிட்டேன்: அண்ணன் எப்படி அனுப்புகிறாரோ அப்படியே போடுங்கள். வேறு யாரும் பிழை பார்க்க வேண்டாம். முதலில் முறைத்தார். பிறகு, 'சிரிப்பால் நோயை விரட்டுகிறார்!' என்ற தலைப்பை அவர் கையாலேயே அடித்தார்.

அடித்ததை அப்படியே விட்டால், அது அவர் உரிமை. அவர் துக்கம் அவருடையது. அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்ள அவருக்கு இடமுண்டு. அதற்காக நான் அவரை ஒரு இம்மியும் குறைவாக வியக்க மாட்டேன். அல்லது, அந்த வரிகளுக்குக் கீழே, நடுங்கும் இடது கையால், வரிசையாக, ஒவ்வொன்றாக –

வாரா வாரம் உங்களைத் தொங்கலில் விட்டுவிட்டு, அடுத்தது என்னவென்று தெரிந்துகொண்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இந்த முறை தொங்குவது நான். இந்த வரியை எழுதும்போது எனக்கு முடிவு தெரியாது.

உங்களுக்குத் தெரியும். ஐந்துக்கு அடுத்து நீங்கள் படித்தது எது, ஆறா, ஏழா?